கடல் பார்க்க ஒரு நாள் கடையடைப்பு

விலைவாசி, வரி, எடைக்கல் முத்திரை என்று எழுதிவந்த நாம் இந்த மாதம் உல்லாசப் பயணம் பற்றி எழுதுகிறோம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். படித்து முடித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பட்டாபிராமில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இருபத்தாறு வருஷமாக நம்மிடம் சரக்கு எடுக்கிறார். அவர் மகன் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்தால் ஞாயிறு இரவு வீடு திரும்புவான். ஒரு தடவை வாஷிங்டன், ஒரு தடவை நியூயார்க், வெயில் காலமானால் கடற்கரை. அட்லாண்டிக் சிட்டியில் கடலோர மரப்பலகை நடைபாதையில் பெண்டாட்டி பிள்ளையோடு நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே வருகிறவர்களுக்கெல்லாம் செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தார். நாம் போயிருந்தபோது, உள்ளே கடுகு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சொன்னார்: "அவன் அந்தக் கடலப் பாக்கான். நாம இந்தக் கடலப் பாத்தே பதினாலு வருசமாச்சு."

பட்டாபிராமிலிருந்து மெரினா சுமார் முப்பது கிலோமீட்டர்தான். வாசலில் நின்றால் மின்சார ரயில் சத்தம் கேட்கும்.

அந்த அட்லாண்டிக் சிட்டியின் கதை நம்மவர்களுக்குப் பிடிக்கும். 1854-ல் பிலடெல்பியா பக்கத்திலிருந்து அங்கே ரயில் விட்டார்கள். காலையில் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் கூட்டத்தை நம்பியே ஊர் வளர்ந்தது. வந்தவர்கள் காலில் ஒட்டிய மணலோடு ஓட்டலிலும் ரயில் பெட்டியிலும் ஏறினார்கள். கம்பளம் பாழாகிறது என்று ஓட்டல்காரர்களும் ரயில்காரர்களும் முறையிட, 1870-ல் கடலோரம் பலகை போட்டு நடைபாதை அமைத்தார்கள். குளிர்காலத்தில் பலகையைக் கழற்றி எடுத்து வைத்துவிடுவார்களாம். பிற்பாடு அதன் இருபுறமும் கடைகள் முளைத்தன. நியூயார்க்கிலோ 1920-க்குள் பாதாள ரயில் கோனி ஐலண்ட் கடற்கரை வரை வந்துவிட்டது. ஐந்து சென்ட் கொடுத்தால் கூலிக்காரனும் குடும்பத்தோடு கடல் பார்க்கலாம். கோடீசுவரர்களுக்காக ஏற்பட்ட பழக்கம் இல்லை இது.

நம் ஊரில் ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும் என்று 1947-ம் ஆண்டின் கடைகள் சட்டம் சொல்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைப் பிடித்து வெளியே அனுப்பத்தான் சட்டம் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் வருஷம் முழுதும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசு அனுமதி கொடுத்தது. அங்கே ஆள் மாற்றி ஆள் வருவான். நம் மளிகைக்கடையில் மாற்றுவதற்கு ஆள் ஏது? அண்ணாச்சி, அவர் மனைவி, ஒரு பையன், அவ்வளவுதான். பெரிய கடையோடும் பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டுவரும் செல்போன் கம்பெனிகளோடும் போட்டி போட்டு, "நாமும் அடைக்க மாட்டோம்" என்று வீம்பு பிடிப்பதில் நஷ்டம் நம் உடம்புக்குத்தான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. பட்டாபிராம் அண்ணாச்சிக்கு மூன்று வருஷத்துக்கு முன் மார்வலி வந்தது. மே 5 வணிகர் தினம், நெருங்கிய சொந்தத்தில் சாவு, இவற்றைத் தவிர ஷட்டரை இறக்காத மனிதர், ஒரேயடியாக நாற்பது நாள் அடைத்தார். பிஸ்கட்டில் பூச்சி, ரவையில் வண்டு, தேங்காய் அழுகல். கடன் நோட்டில் பேர் உள்ளவர்களில் சிலர் அந்த நாற்பது நாளில் வேறு தெருவழியாக நடக்கப் பழகிக்கொண்டார்கள். ரொக்கத்துக்கு வாங்குகிறவர்கள்தாம் முதலில் திரும்பி வந்தார்கள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

ஆகவே படத்தைப் பார்த்த அன்றே பேச்செடுத்தோம். அம்பத்தூரிலிருந்து நம் குடும்பம், பட்டாபிராம் அண்ணாச்சி குடும்பம், திருமுல்லைவாயலில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் இன்னொருவர் குடும்பம். மூன்றும் சேர்ந்து ஒரு வேன். அண்ணாச்சி ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. "கூட்டம் அடுத்த கடைக்குப் போயிருமே" என்பதே அவர் கவலை. அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு நாள் விற்பனை பதினெட்டாயிரம் என்றால் அதில் கைக்கு நிற்பது நூற்றுக்கு எட்டோ பத்தோ. அதுவும் முழுக்கப் போய்விடாது. கடை அடைத்தார் என்று யாரும் ரசம் வைக்காமல் இருப்பதில்லை. முன்கூட்டித் தெரிந்தால் முதல்நாளே பருப்பு வாங்கி வைப்பார்கள். தெரியாமல் வந்து மூடிய ஷட்டரைப் பார்த்தால்தான் அடுத்த கடைக்குப் போவார்கள். எனவே பத்து நாள் முன்னதாகவே அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். தேதிக்கு மாதக் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். சம்பளம் வரும் முதல் வாரத்தில் இதை யோசிக்கவே கூடாது. பால் பாக்கெட், ரொட்டி லைனை முதல்நாளே நிறுத்தச் சொல்லிவிட்டோம். பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி, அவர் போகிற அன்று அண்ணாச்சி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

போன இடம் பழவேற்காடு. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் மீஞ்சூர். அங்கிருந்து பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு. நெமிலிச்சேரி - மீஞ்சூர் பகுதி 2021-ல் திறந்த பிறகு சென்னை நெரிசலில் சிக்காமலே போய்விடலாம். சுங்கம் கட்டவேண்டும்; அதை வேன் வாடகை பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. காலை ஆறுக்குக் கிளம்பியவர்கள் எட்டுக்கெல்லாம் ஏரிக்கரையில் இட்லி சாப்பிட்டோம்.

ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். தை மாதம் ஆனதால் தூரத்தில் பூநாரைக் கூட்டம் வெள்ளைத் துணி உலர்த்தினாற்போல் தெரிந்தது. பெண்கள் அதைப் பார்த்து நின்றார்கள். அண்ணாச்சி எங்கே என்று தேடினால், கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் துவரம்பருப்பு என்ன விலைக்கு வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்!

வியாபாரிகள் அவசியம் பார்க்கவேண்டிய ஊர் இது. சென்னைப் பட்டணம் தோன்றியது 1639-ல். அதற்கு முன்பே 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் வியாபாரத்துக்கு இதுவே தலைமையிடம். 1690-ல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கே ஏற்றிய துணி ஜாவா, மலாய் நாடு வரை போயிற்று. மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைக் 'கைன் பெலிக்காட்' என்கிறார்கள். பழவேற்காட்டின் பெயர்தான் அது. சரக்கு நன்றாயிருந்தால் ஊர்ப் பெயர் நானூறு வருஷம் நிற்கும் போலும். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகப் பிடித்துக் கப்பலேற்றினார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கோட்டை இப்போது முட்புதர் மூடிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அண்ணாச்சி கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இங்கே படகில் உலா போகலாம் என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விடுமுறைக்கு உல்லாசமாக வந்தவர்கள்தாம். படகுதான் வேண்டும் என்றால் முட்டுக்காட்டில் சுற்றுலாக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. உயிர்காப்பு உடை கட்டிக்கொண்டு ஏறலாம்.

மத்தியானம் நண்டும் இறாலும் வாங்கி, அங்கேயே ஒரு அம்மாளிடம் சமைக்கக் கொடுத்துச் சாப்பிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. அந்த நாளில் போனால் விலை கடிக்கும். பிறகு கடற்கரைக்குப் போனோம். அண்ணாச்சியின் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் ஈரமாக நின்றவர், வேன்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பினார். "ஏங்க, அவனுக்கு ஒரு படம் அனுப்புங்க" என்றார். அமெரிக்காவில் அப்போது விடியவில்லை.

பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெற்கே போவது சுலபம். நசரத்பேட்டையில் அதே வெளிவட்டச் சாலையில் ஏறினால் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் என்று ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்திருக்கிறது. சுத்தமாக இருக்கும், குழந்தைகளை விடலாம். மாமல்லபுரத்தைப் பற்றி நாம் புதிதாக எழுத ஒன்றுமில்லை, கூட்டத்துக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள் என்பதைத் தவிர.

மறுநாள் புதன்கிழமை காலை பட்டாபிராம் கடையில் வழக்கத்தைவிட விற்பனை அதிகம். முந்தின திங்களும் அப்படியே. மூன்று நாள் கணக்கையும் கூட்டிப் பார்த்ததில், குறைந்தது வேனில் அவர் பங்குக்குக் கொடுத்த தொகை அளவுகூட இல்லை. பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அவர்கள் இருவரும் பழைய பாக்கி உள்ளவர்கள்.

பக்கத்துக் கடைக்காரர் மார்ச் மாதம் தம் முறையை எடுத்துக்கொண்டு வேளாங்கண்ணி போய்வந்தார். நம் மூன்று குடும்பமும் தீபாவளிக் கணக்கு முடிந்ததும் இரண்டு நாள் போவதாக இருக்கிறோம். எண்ணெய்க்கடைக்காரர் தரங்கம்பாடி என்கிறார், அண்ணாச்சியின் மனைவி இராமேசுவரம் என்கிறார். வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, ஊர்தான் இன்னும் முடிவாகவில்லை.