பூஜை அறையில் ஒரு கையெழுத்து

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிற பழைய சாமி படங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்களேன். முகத்தைச் சொல்லவில்லை, முகத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே! படத்தின் அடியில், ஓரமாக, குங்குமம் அப்பி மறைத்திருக்கிற இடத்தில் பொடி எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். அநேகமாக ஆங்கிலத்தில். அது 'சி. கொண்டையராஜு' என்று இருந்துவிட்டால், இத்தனை வருஷமாக நீங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டது எங்கள் ஜில்லாக்காரர் எழுதிய படத்தை!

எங்கள் ஜில்லா என்று உரிமையோடுதான் சொல்கிறேன். அவர் வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. 1986-ல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும் வரைக்கும் அது திருநெல்வேலியைச் சேர்ந்ததுதான். இன்றைக்கும் கோவில்பட்டிக் குழாயில் வருவது சீவலப்பேரியிலிருந்து போகிற தாமிரபரணித் தண்ணீர். கரிசல் காடானாலும் குடிப்பது எங்கள் ஆற்றுத் தண்ணீர் என்றால் அவர் எங்கள் ஆள் இல்லாமல் வேறு யாராம்?

கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். படித்தது சென்னை ஓவியப் பள்ளியில். அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1850-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. ஆளை எதிரே உட்கார வைத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தேங்குகிறது என்று பார்த்து முகத்தை எழுதுவது மேல்நாட்டு முறை. அந்தக் கல்வி கையில் இருக்கிறவனுக்கு அந்தக் காலத்தில் ஜமீன்தார்களையும் ஜட்ஜுகளையும் படம் எழுதிக் கொடுத்தே சௌகரியமாகக் காலம் தள்ள முடியும். இவர் என்ன செய்தார் தெரியுமா? திருவண்ணாமலைக்குப் போய் ரமணாசிரமத்தில் தங்கிவிட்டார்! அங்கே ரமண மகரிஷியையே படமாக எழுதியிருக்கிறார். கோவணமும் ஊன்றுகோலும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு மனிதர். பட்டு இல்லை, நகை இல்லை, சிம்மாசனம் இல்லை. ஓவியருக்கு அங்கே எழுத முகமும் கண்ணும்தான் இருக்கின்றன. பிற்பாடு அவர் எழுதிய சாமிகளின் கண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் திருவண்ணாமலைதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் ஒரு நாடகக் கம்பெனியில் சீன் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தார். இந்தத் தலைமுறைப் பெண்களுக்கு நாடக சீன் என்றால் என்னவென்றே தெரியாது. மேடையின் முழு அகலத்துக்கும் தொங்குகிற பெரிய படுதா. தர்பார் சீன் என்றால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், மேடைக்குப் பின்னால் ஒரு பர்லாங்கு தூரம் அரண்மனை இருக்கிற மாதிரி தெரியும். காட்டு சீனில் மலையும் அருவியும். தெரு சீன், நந்தவன சீன் என்று படுதாவைச் சுருட்டிச் சுருட்டி இறக்குவார்கள். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் சீன் எடுப்பாகத் தெரிய வேண்டும். அதற்காகவே பளிச்சென்று வர்ணம் கொடுப்பார்கள்.

1942-ல் கம்பெனி கோவில்பட்டியில் முகாம் போட்டது. அங்கேயே கலைந்தும் போனது. கூட இருந்தவர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். இவர் தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடும்பம் என்று ஒன்று இல்லை. சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம் என்று கூடவே இருந்து தொழில் பழகிய சீடர்கள்தான் குடும்பம்.

கோவில்பட்டிக்கு அடுத்தாற்போல் சிவகாசி. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அச்சகம் வந்தது. லேபிள் அச்சடித்த மிஷினில் காலண்டரும் அடிக்கலாம் என்றானபோது படம் எழுதிக் கொடுக்க ஆள் தேடினார்கள். பக்கத்து ஊரிலேயே கொண்டையராஜு இருந்தார். முகம் எழுதப் படித்தவர், சீன் எழுதிப் பழகியவர். இரண்டும் ஒரே அட்டையில் சேர்ந்ததுதான் நம் வீட்டு லக்ஷ்மி! முன்னால் அசல் பெண்பிள்ளை மாதிரி சதைப்பிடிப்பும் சாந்தமுமாக முகம். பின்னால் பார்த்தீர்களானால் தூண், தொங்கல் திரை, தாமரைத் தடாகம், தூரத்தில் மலை, மலைக்கு மேல் மேகம். எல்லாம் நாடகக் கொட்டகை!

அவருடைய மீனாட்சி கல்யாணம் படத்தைப் பார்க்காத தமிழ்ப் பெண் இருக்க மாட்டாள். நடுவில் மீனாட்சி, ஒரு பக்கம் மாப்பிள்ளை சுந்தரேசுவரர், ஒரு பக்கம் தாரை வார்த்துக் கொடுக்கிற அண்ணன் பெருமாள். மீனாட்சி தலையைக் கொஞ்சம் கவிழ்த்திருக்கிறாளே, அது மதுரையை ஆண்ட மகாராணியின் முகம் இல்லை. மணையில் உட்கார வைத்த நம் வீட்டுப் பெண்ணின் முகம்.

அதற்கு முன்னால் சாமி படம் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. தங்க ரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படம் பெரிய மனிதர்கள் வீட்டில் இருக்கும். ரவிவர்மா 1894-ல் அச்சுக்கூடம் வைத்துப் படம் போட்ட பிறகும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காலண்டர் அப்படியா? ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் தை பிறக்குமுன் சும்மா கொடுப்பார்கள். வருஷம் முடிந்ததும் தேதித்தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கடைப் பெயரைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குச் சட்டம் போட்டால் தீர்ந்தது. கூரை வீட்டிலும் மகாலக்ஷ்மி குடியேறிவிட்டாள். படித்தவர்கள் சிலர் இதைக் 'காலண்டர் ஆர்ட்' என்று உதட்டைச் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். கண்காட்சியில் வைத்த படத்தை ஒருவர் எத்தனை நிமிஷம் பார்ப்பார்? இவர் படத்தை ஒரு வீட்டுப் பெண் நாற்பது வருஷம், காலையும் மாலையும் பார்த்திருக்கிறாள். தன் கவலையை எல்லாம் அதனிடம் சொல்லியிருக்கிறாள்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் அம்மா வீட்டை விற்றபோது இது எனக்கு நன்றாகப் புரிந்தது. பட்டாசாலில் வரிசையாக இருபத்திரண்டு படங்கள். அம்மா போன பிறகு அண்ணன் சென்னையில், நான் பாளையங்கோட்டையில். சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது மதினி கேட்டாள், "இதையெல்லாம் என்ன செய்ய? பிளாட்டுல மாட்ட இடமே இல்லையே. ஆத்தங்கரை அரசமரத்தடியில வச்சிட்டு வந்திரலாமா?"

மதினியைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். படித்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். உடைந்த கண்ணாடியோடு சட்டம் சட்டமாகச் சாமிகள் சாய்ந்து கிடப்பார்கள். மழையில் தாள் ஊறிக் கூழாகும், கண்ணாடிச் சில்லு குளிக்க வருகிற பிள்ளைகள் காலைக் குத்தும். வீட்டில் தொட்டு வணங்கியதைத் தெருவில் போட மனசு வரவில்லை, ஆற்றில் போட்டால் பாவமில்லை என்று ஓர் எண்ணம். தாமிரபரணிக்கு அது போதாதா, பாவம்!

"இருங்க மதினி, ஒண்ணொண்ணா பாத்துக்கிடலாம்" என்று நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஈரத்துணி போடாமல் உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் ஐந்து படங்களில் கொண்டையராஜு கையெழுத்து. இன்னொன்றில் அவர் பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே இருந்தன. ஒரு கஜலக்ஷ்மி படத்தின் பின் அட்டையில் அம்மா பென்சிலில் என் பிறந்த தேதியையும் நட்சத்திரத்தையும் குறித்து வைத்திருந்தாள். சட்டத்தைப் பிரிக்காமல் போயிருந்தால் அரசமரத்தடியில் அதுவும் கிடந்திருக்கும். அந்தப் படத்தை நான் எடுத்துக்கொண்டேன். மீனாட்சி கல்யாணத்தை மதினி பேசாமல் தன் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்! மற்றவற்றைப் பிரித்து, கண்ணாடியைத் தனியே பழைய சாமான்காரரிடம் போட்டோம். நல்ல தாள்களை உறவுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

உங்களிடம் அப்படிப் படம் இருந்தால் இரண்டு மூன்று விஷயங்கள் கவனியுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படுகிற சுவரில் மாட்ட வேண்டாம். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும், லக்ஷ்மி கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிவிடுவாள். பொட்டு வைப்பதானால் கண்ணாடி மேல் வையுங்கள், தாள் மேல் வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கும் கற்பூரமும் படத்துக்கு நேர் கீழே இருந்தால் புகை ஏறி முகம் மங்கும், ஒரு முழம் தள்ளி வைக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது பின் அட்டையையும் பாருங்கள். ராமபாணப் பூச்சி அங்கேதான் குடியிருக்கும். அட்டை பழுப்பேறிப் பொடிந்தால் சட்டம் போடும் கடையில் அட்டையை மட்டும் மாற்றச் சொல்லலாம், செலவு அதிகம் ஆகாது. படம் தாளோடு ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லாதீர்கள், கிழிந்துவிடும்.

கொண்டையராஜு 1976-ல் காலமானார். சீடர்கள் தொடர்ந்து எழுதினார்கள். அதனால் குங்குமத்தைத் துடைத்துப் பார்க்கும்போது அவர் பெயர் இல்லையே என்று படத்தை ஒதுக்கிவிட வேண்டாம். சுப்பையா, அருணாசலம், ராமலிங்கம் என்று இருக்கிறதா பாருங்கள். பின் அட்டையையும் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள்.