பட்டி வைக்காமல் விளிம்பு முடித்தல்

எங்கள் பள்ளியில் தையல் பாடவேளையில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பழைய சேலை, சுடிதார்த் துணிகளை இணைத்து ஒட்டுத்துணி விரிப்பு தைக்கிறார்கள். சிமெண்டுத் தரையில் உட்காரும் முதல் வகுப்புக் குழந்தைகளுக்காக. துண்டுகளை இணைப்பது வேகமாக நடக்கும்; விளிம்பில்தான் வேலை நின்றுவிடும். தனிப் பட்டி வெட்டி, மடித்து, நான்கு மூலைகளிலும் திருப்பித் தைப்பது பழகிய கைக்கே சிரமம். முடிக்காத விரிப்பு அலமாரிக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வெறும் தரைதான்.

அதனால் தலையணை உறைபோலத் தைத்துத் திருப்பும் முறையைச் சொல்லித் தருகிறேன். விரிப்பு 18 அங்குலச் சதுரம். மேசையில் முதலில் பழைய துண்டு; இதுதான் நடுவில் வரும் அடுக்கு. அதன்மேல் அடித்துணியை நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரிக்க வேண்டும். அதற்கும் மேல் ஒட்டுத்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். மூன்றையும் கச்சாத் தையலால் பிடித்துவிட்டு, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே சுற்றிலும் பின்தையல் போடலாம். ஒரு பக்கத்தின் நடுவே 5 அங்குலம் தைக்காமல் விட வேண்டும். திறப்பை மூலையில் விடக் கூடாது. அங்கே விட்டால் மூலை கூராக வராது.

திருப்புவதற்கு முன் மூலைகளைத் தையலுக்கு மிக அருகில் சாய்வாக வெட்ட வேண்டும், தையலை வெட்டிவிடாமல். தையலுக்கு வெளியே நிற்கும் துண்டையும் ஒட்ட நறுக்கினால் விளிம்பு தடிக்காது. பிறகு இரண்டு துணிகளுக்கும் நடுவே கைவிட்டுத் திருப்பி, மொட்டைப் பென்சிலால் மூலைகளைத் தள்ளி, திறப்பை மூடலாம். கடைசியாக ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் சுற்றிலும் ஓட்டுத்தையல். இதை விட்டுவிட்டால் துவைத்ததும் விளிம்பு உருண்டுகொள்ளும். நடுவிலும் சில வரிசை ஓட்டுத்தையல் தேவை. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் துண்டு சுருண்டுவிடும்.

பெரிய போர்வைக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதில்லை. திருப்பும்போது அடுக்குகள் நகர்ந்துவிடும். அதற்கு அடித்துணியைச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, ஒவ்வோர் அங்குலமாக இருமுறை மேல்பக்கம் மடித்துத் தைப்பது நல்லது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை முதலில் முடித்து, பிறகு மற்ற இரண்டையும் மடித்தால் மூலைக்கெனத் தனி வித்தை வேண்டாம்.

விளிம்பைக் கடைசி வேலையாகவே நினைக்காதவர்களும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிக்கொண்டே உள்நோக்கித் தைக்கிறார்கள். நடுப்பகுதிக்கு வரும்போது விளிம்பு எப்போதோ முடிந்திருக்கும். மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து வைக்கும் அலங்காரத்திற்குப் பூ என்றே பொருள்படும் பெயர். ஏழாம் வகுப்புக்கு இதைச் சொன்னால் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், கேள்விகள் வரும்.

ஒரு குறை உண்டு. தனிப் பட்டி தேய்ந்தால் பிரித்து மாற்றலாம். திருப்பித் தைத்த விளிம்பில் தேய்வது விரிப்பின் துணியேதான். அப்படித் தேய்ந்த விரிப்பு வந்தால், ஓரத்தின்மேல் ஒரு பட்டி வைத்துத் தைத்துக் கொடுக்கிறோம்.