வெயில் அதேதான், மின்சாரம் நாலு மடங்கு!

விருத்தாசலம் வட்டாரத்தில் களிமண்ணைச் சூளையில் வைத்துப் பீங்கான் ஆக்குவார்கள். பக்குவம் தவறினால் எல்லாம் பாழ்! வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கான் தகட்டுக்கும் அதே கதைதான்.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடம் செய்த தகடு, வெயிலில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இன்று நல்ல தகடுகள் சுமார் 24 பங்கு தருகின்றன. எப்படி?

வழவழப்பான சிலிக்கான், விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே காரக் கரைசலில் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத கூம்புகளை உண்டாக்குகிறார்கள். மேலே மெல்லிய நீலப் பூச்சு. வெளிச்சம் உள்ளே சிக்கிக்கொள்கிறது!

பிறகு வெள்ளிக் கோடுகளை அச்சிட்டு, உலையில் சில விநாடிகள் சுடுகிறார்கள். சூடு குறைந்தால் வெள்ளி சரியாகப் பிடிக்காது. மிஞ்சினால் தகடு கெடும்.

நெல்லை அருகே கங்கைகொண்டானில் டாடா ஆலை இத்தகைய தகடுகளைச் செய்கிறது. திறன் கூடக் கூட, சின்னக் கூரையே வீட்டுக்கு விளக்கேற்றும்!