வெங்காய விலையும் லாசல்காவ் சந்தையும்

மும்பையிலிருந்து மன்மாட் வழியாக வடக்கே செல்லும் இருப்புப்பாதையில், நாசிக்கைக் கடந்து சற்று நேரத்திற்கெல்லாம் லாசல்காவ் என்னும் சிறு நிலையம் வருகிறது. வண்டியில் செல்லும் நம்மவருள் அதன் பெயர்ப் பலகையைக் கவனித்தவர் சிலரே இருப்பர். ஆயினும் மாதுங்காவிலோ, தில்லிக் கரோல்பாக்கிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினர் வெங்காயத்துக்கு இன்று என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பெருமளவுக்கு நிர்ணயிப்பது அவ்வூர்ச் சந்தையே.

ஊரில் இருந்தவரை சாம்பாருக்குச் சின்ன வெங்காயமே வேண்டும் என்றிருந்தோம். வெளி மாநிலம் வந்தபின் பெரிய வெங்காயத்தையே நறுக்கிப் போட்டு நாவைப் பழக்கிக் கொண்டோம். அதனைப் பெல்லாரி வெங்காயம் என்று நாம் அழைத்தாலும், அது பெரும்பாலும் நாசிக் சீமையிலிருந்து வருவதாகும்.

ஆசியாவிலேயே பெரிய வெங்காயச் சந்தை எனப் பெயர் பெற்றது லாசல்காவ். உழவர்கள் டிராக்டர் பெட்டிகளில் வெங்காயத்தைக் குவியலாக ஏற்றிக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்துவர். வியாபாரிகள் வண்டி வண்டியாகச் சென்று, மேலாக உள்ள சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்பர். ஒரு வண்டியின் விலை முடிவாகச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்புக்கு விலை பேசப்பட்டு விடுகிறது. விலை கட்டாது என்று வண்டியைத் திருப்பிக் கொண்டு போகலாம்; ஆனால் வண்டிச் சத்தம் கொடுத்து வந்தவனுக்கு அது எளிதன்று.

விலை ஏன் ஒரு சமயம் கையைச் சுடுகிறது, ஒரு சமயம் கேட்பாரற்றுக் கிடக்கிறது? விடை பருவங்களில் இருக்கிறது. மழைக்காலப் பயிரான கரீப் வெங்காயம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சந்தைக்கு வரும். பிந்திய கரீப் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும். பின்னர் ஏப்ரல், மே திங்கள்களில் ரபி அறுவடை. ஆண்டு விளைச்சலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்த ரபி வெங்காயமே. சேமித்து வைக்கத் தக்கதும் இதுவே. ஆகவே ஜூனிலிருந்து அக்டோபர் வரை நாடு முழுவதும் உண்பது, உழவர் கோடையில் சேமித்து வைத்த வெங்காயமாகும்.

சேமிக்கும் இடத்தை மராட்டியர் 'காந்தா சாள்' என்பர். தரையினின்று உயர்த்திய தளம், காற்றோட்டத்துக்கென மூங்கிலோ கம்பி வலையோ அடைத்த பக்கங்கள், மேலே ஓடு அல்லது தகரம். மும்பையில் நம்மவர் பலர் வாழ்ந்த நீண்ட 'சால்' குடியிருப்புகளின் பெயரும் இதுவேயாம்! நான்கைந்து மாதத்தில் இவ்வெங்காயம் ஈரம் வற்றி எடை குறையும்; சில அழுகும்; சில முளைவிடும். இந்த நட்டம் முழுவதும் உழவனுடையது. பிந்திய மாதங்களில் விலை கூடும் என்ற நம்பிக்கை ஒன்றே அவனுக்குக் கூலி. செப்டம்பரில் சேமிப்பு வற்றும் வேளையில், வரவேண்டிய கரீப் பயிரை மழை கெடுத்துவிட்டால், அன்றுதான் விலை தலைக்கேறும். 1998-இலும், 2010 டிசம்பரிலும், 2019-இலும் நடந்தது ஏறக்குறைய இதுவே.

அரசாங்கம் தலையிடுவதும் அவ்வேளையில்தான். 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வியாபாரியின் இருப்புக்கு வரம்பு விதிக்கலாம். ஏற்றுமதிக்கு வரி போடலாம்; குறைந்தபட்ச விலை குறிக்கலாம்; முற்றும் தடுக்கலாம். 2019 செப்டம்பரில் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வந்து, 2021 புத்தாண்டு அன்று விலகியது. 2019 தடையின்போது தில்லி வந்த அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, தம் சமையற்காரரிடம் வெங்காயமின்றிச் சமைக்கச் சொல்லிவிட்டதாக மேடையிலேயே கூறினார். வேடிக்கையாகச் சொன்னாராயினும், வாங்கும் நாட்டின் மனத்தாங்கல் அதில் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி வந்தது. நாசிக் மாவட்டச் சந்தைகளில் ஏலம் நின்றது. அந்த டிசம்பரில் முழுத் தடை. 2024 மே மாதம் தடை நீங்கிற்று. எஞ்சியிருந்த வரியும் 2025 ஏப்ரல் முதல் நாளன்று எடுக்கப்பட்டது.

நகரத்தில் வாழும் நமக்கு இத்தடைகள் நன்மையெனவே தோன்றும். ஆயின் சாளில் சரக்கை வைத்திருப்பவன் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். விலை ஏறும் மாதத்தில் கதவை அடைப்பார்கள் என்று அவன் இருமுறை கண்டுவிட்டால், மூன்றாம் முறை மே மாதத்திலேயே விற்றுவிடத் துணிவான். கோடையில் விலை மேலும் விழும். செப்டம்பரில் சேமிப்பு மேலும் குறையும். தடை எந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்ததோ, அதற்கே வித்திட்டதாகிவிடும். 2018 இறுதியில் நிபாட் வட்டத்து உழவர் ஒருவர் 750 கிலோ வெங்காயத்தை விற்றுப் பெற்ற 1,064 ரூபாயைப் பிரதமர் அலுவலகத்துக்குப் பணவிடையாக அனுப்பிவைத்தார். விலை ஏறும்போது விரைந்து வரும் கை, விழும்போது அவ்வளவு விரைந்து வருவதில்லை என்பது அவர் குறை.

தடையைவிட நல்ல வழி, அரசே கோடையில் வாங்கி வைத்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் விற்பது. விலை நிலைப்படுத்தும் நிதியைக் கொண்டு, நாஃபெட் போன்ற கூட்டுறவு அமைப்புகள் இதனைச் செய்து வருகின்றன. 2023-இல் மூன்று லட்சம் டன்னாக இருந்த கொள்முதல் இலக்கு ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் அரசு வாங்கினாலும் அழுகல் அழுகல்தான். முளைவிடுதலைத் தடுக்கவென்று பாபா அணு ஆராய்ச்சி மையம் லாசல்காவிலேயே ஒரு கதிர்வீச்சு நிலையம் நிறுவியது. அது 2007 முதல் அமெரிக்காவுக்குச் செல்லும் மாம்பழத்தால் பெயர் பெற்றது! கதிர் காட்டிய வெங்காயத்துக்கும் குளிர்ந்த கிடங்கு வேண்டும். அதற்கான செலவை யார் ஏற்பது என்பதில்தான் காரியம் நிற்கிறது.

நாம் கடையில் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். 2024-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வின்படி, வெங்காயத்துக்கு நாம் தரும் ஒரு ரூபாயில் உழவனுக்குச் சேர்வது சுமார் 36 காசு. மீதி 64 காசு லாசல்காவுக்கும் மாதுங்காவுக்கும் இடைப்பட்ட வழியில் வண்டிக் கூலி, கழிவு, வியாபாரிகளின் ஆதாயம் எனப் பலவாறு பிரிந்து விடுகிறது.