ரிப்பீட்டர் துவக்கும் அதன் அவப்பெயரும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், பெரும்போக நெல் கதிர் பறியத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகளின் தொல்லையும் தொடங்குகின்றது. மரவள்ளி, வற்றாளைத் தோட்டங்களும் அவற்றுக்குத் தப்புவதில்லை. இதனால் அனுமதிப்பத்திரம் பெற்ற கமக்காரர் சிலர் பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருக்கின்றனர். இவற்றுள் விலை குறைந்த ரிப்பீட்டர் துவக்கு இறுகிக்கொள்ளும், விரைவில் துருப்பிடிக்கும் என்னும் அவப்பெயரைப் பெற்றுள்ளது. அது பொருந்துமா என்பதை ஆராய்தல் நன்று.

இத்துவக்கின் குழலுக்குக் கீழே தோட்டாக்களைக் கொள்ளும் மற்றொரு குழாய் உண்டு. முன்கைப்பிடியைப் பின்னே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கோது வெளியே தள்ளப்படும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா அறையினுட் செல்லும். இவ்வேலையைச் செய்வது காவற்காரரின் கையேயாகும்.

இறுகுதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பதற்றத்தில் கைப்பிடியை முற்றாக இழுக்காது பாதியில் திருப்பிவிடுதல். இது துவக்கின் குற்றமன்று, பழக்கக் குறையாகும். இரண்டாவது, தோட்டா அறை சொரசொரப்பாயிருத்தல். வெடிக்கும்போது விரியும் கோது அங்கே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1950 இல் வெளிவந்த ரெமிங்டன் 870 நற்பெயர் பெற்றது. அதன் மலிவு வகையான எக்ஸ்பிரஸ் 1987 இல் வந்தபோது அடிப்படை அமைப்பு மாறவில்லை. மெருகும் மேற்பூச்சுமே குறைக்கப்பட்டன. ஒட்டும் கோதும் துருவும் அதன்மேற் கூறப்பட்ட முக்கிய குறைகளாயின.

ஆகவே துருப்பற்றிய குற்றச்சாட்டு உண்மையே. வாவிக்கரையின் உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் மெருகு குறைந்த இரும்பை விரைவில் அரிக்கும். துருவேறிய அறை மேலும் சொரசொரப்பாகும். ஒரு குறை மற்றதை வளர்க்கும்.

இதனைத் தவிர்க்கும் முறைகள் வருமாறு:

1. வயல்வாடியிலிருந்து திரும்பியதும் தோட்டாக்கள் யாவற்றையும் அகற்றுக. அறையும் குழாயும் வெறுமையாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்க.
2. ஈரத்தைத் துடைத்து, அறையைத் தூரிகையால் துலக்கி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுக.
3. ஈரமான துணியுறையிலோ தோலுறையிலோ வைத்தல் ஆகாது.
4. நனைந்த, வீங்கிய தோட்டாக்களைப் பயன்படுத்தற்க.
5. கோது இறுகினால் குழலை ஆளில்லாத திசைக்கே நீட்டிப் பிடிக்க. பிடியை நிலத்தில் மோதுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

பராமரிப்புக்கு நேரமில்லாதவருக்கு ஒற்றைக்குழல் துவக்கே ஏற்றது. அதன் உறுப்புகள் குறைவு. திறந்தவுடன் அறை வெறுமையா என்பது தெரியும். பன்றியை விரட்ட ஒரு வெடியே பெரும்பாலும் போதும்.

எத்துவக்காயினும் சில எல்லைகள் உண்டு. யானையை நோக்கிச் சுடுதல் சட்டவிரோதம். சன்னம் பட்டுக் காயமுற்ற யானை ஊருக்கே ஆபத்தாகும். கட்டுத்துவக்கு பன்றிக்கும் அயல்வயற்காரருக்கும் வேற்றுமை அறியாது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும்.

சுருங்கக் கூறின், மலிவுத் துவக்கின் அவப்பெயரிற் பாதி அதன் இரும்புக்குரியது. மறுபாதி அதனைத் துடையாது சாத்திவைத்த கைக்குரியது. விலையுயர்ந்த துவக்குக்காகக் கடன்படுமுன், கமக்காரர் உள்ள துவக்கைத் துலக்கி வைப்பாராக.