பள்ளித் தோட்டத்துக்கு நம் மாவட்டத்தில் புரட்டாசிதான் பட்டம்

ஜூனில் பள்ளி திறந்ததும் தோட்டம் போடுவது நம்மில் பலருக்கு வழக்கம். விருதுநகர் மாவட்டத்தில் அப்படிப் போட்ட தோட்டம் பெரும்பாலும் சுதந்திர தினக் கொடியேற்றத்தைத் தாண்டுவதில்லை. மாணவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கொஞ்சம் சாரல் விழும். சிவகாசி, சாத்தூருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெறும் மாவட்டம் இது. அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைத்ததற்கும் இந்த வறண்ட வானிலை ஒரு காரணம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். ஆனால் அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மானாவாரி விவசாயியைக் கேட்டால் புரட்டாசிப் பட்டம் என்பார். பருத்தி, சோளம், உளுந்து, பாசிப்பயறு எல்லாம் அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குச் சில நாட்கள் முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து வைப்பதைப் புழுதி விதைப்பு என்கிறார்கள். முதல் நல்ல மழையிலேயே விதை முளைத்துவிடும். பள்ளித் தோட்டத்துக்கும் இந்தக் கணக்கே பொருந்தும்.

நமக்கு இடையில் நிற்பது காலாண்டுத் தேர்வும் விடுமுறையும். செப்டம்பர் கடைசியில் பள்ளி மூடியிருக்கும் அந்த நாட்களில்தான் பாத்தியில் உள்ள இளம் நாற்று காய்ந்து போகிறது. அதனால் செப்டம்பர் முதல் வாரத்தில் பாத்தியைத் தொட வேண்டாம். கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைக் கொட்டாங்கச்சியிலோ பால் பாக்கெட்டிலோ விதைத்து நாற்றாக வளர்க்கலாம். அடியில் துளை இருக்க வேண்டும். மண்ணும் மக்கிய எருவும் சம அளவு, கொஞ்சம் மணல். விடுமுறைக்கு ஆளுக்கு இரண்டு கொட்டாங்கச்சி வீட்டுக்குப் போகட்டும். பள்ளி திறக்கும்போது கத்தரி, தக்காளி நாற்று நடும் பருவத்துக்கு வந்திருக்கும். மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் ஆகலாம். எங்கள் பள்ளியில் எல்லா நாற்றும் திரும்பி வருவதில்லை. சில, வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். அதை நான் நட்டமாக எழுதுவதில்லை.

நாற்று வளரும் நாட்களில் மண்ணைத் தயார் செய்யலாம். இங்கே ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மண். கரிசல் மழையில் ஊதி நீரைத் தேக்கிக்கொள்ளும், வேர் அழுகும். அங்கே பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். செம்மண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அங்கே பாத்தி தாழ்ந்து, வரப்பு உயர்ந்திருக்க வேண்டும். வேப்பமரச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தை இந்த ஊர்களிலாவது விட்டுவிட்டு, குழியில் போட்டு மக்கச் செய்யலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைகளிலும் அச்சகங்களிலும் கழித்துப் போட்ட டிரம், வாளி, சாக்கு நம் ஊர்களில் மலிவாகக் கிடைக்கும். செடி வைக்கவோ தண்ணீர் பிடிக்கவோ அவற்றை வாங்காதீர்கள். நன்கொடையாக வந்தாலும் வேண்டாம். பேரியம் உப்பு, அலுமினியத் தூள், கந்தகம், மை, கரைப்பான் என்று எது இருந்த பாத்திரம் என்பது நமக்குத் தெரியாது. கழுவினால் போய்விடும் என்றும் நம்ப முடியாது. அந்தக் கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போகப் போகிறது. தீபாவளிக்குப் பிறகு வளாகத்தில் கிடக்கும் வெடித்த காகிதத்தையும் எருக்குழியில் சேர்க்கக் கூடாது.

அக்டோபரில் பள்ளி திறந்ததும் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு விதைகளை நேராகப் பாத்தியில் ஊன்றலாம். கீரை விதை மிகச் சிறியது. கனமழை அதை அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் மணலோடு கலந்து தூவி, மேலே தென்னங்கீற்று போட்டு, முளைத்ததும் எடுத்துவிட வேண்டும். சிறுகீரை ஏறக்குறைய 25 நாளில் பறிப்புக்கு வரும். மாணவர்களின் பொறுமைக்கு அது சரியான அளவு. முருங்கைக்கு ஒன்றரை அடி குழி போதும், ஆனால் மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் பிழைக்காது. மழைக்காலத்தில் வேர் பிடித்துக்கொண்டால் அடுத்த கோடையைத் தாங்கும். நாட்டுப் பந்தல் அவரை பகல் சுருங்கும்போதுதான் பூக்கும். தினமும் சூரியன் மறையும் நேரத்தைக் குறித்து வைத்தால் ஏழாம் வகுப்புக்கு அதுவே ஒரு பாடம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர்க் கூரையில் 10 மி.மீ. பெய்தால் எத்தனை குடம் என்று கேட்டுப் பாருங்கள்.

யார் தண்ணீர் ஊற்றுவது? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆலை வேன் விடியற்காலையிலேயே வந்துவிடும். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஏழரை மணிக்கே பள்ளி வாசலில் நிற்பார்கள். தங்கை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கிவிடுவோரும் உண்டு. சீக்கிரம் வருபவர்களிடம் பூவாளியைக் கொடுத்தோம், உடன் ஓர் ஆசிரியர் முறைவைத்து இருப்பார். வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் ஒழுங்காகத் தொடங்கின. இது தோட்டத்தால்தான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

மழையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனமாக இருக்கிறேன். பட்டாசு வெயிலில் காய வேண்டிய பொருள். மழை பெய்தால் அன்றைய கூலி இல்லை. “நீங்க மழை வேணும்னு பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறீங்க, எங்களுக்கு தீபாவளி வரைக்கும் பெய்யக் கூடாது டீச்சர்” என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அப்போது அழைத்தால் மண்வெட்டியோடு வருவார்கள். பந்தல் கால் ஊன்ற அதுவே நல்ல நேரம்.