பாடம் செய்யும் முறையும் புகையிலையின் தரமும்

செம்பூருக்கு அப்பால், டிராம்பே கடலோரத்தில் அமைந்திருப்பது சீத்தா கேம்ப். 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊரிலிருந்து உடன்வந்த பழக்கங்களுள் வெற்றிலை போடுவதும் ஒன்று. அதனுடன் வாய்ப்புகையிலையும் வந்து சேர்ந்தது. ஒரு கட்டு கறுத்துப் பிசுபிசுப்பாகவும் மற்றொன்று வெளிறிய பழுப்பாகவும் இருப்பது ஏன்? விதையும் மண்ணும் ஓரளவுக்கே காரணம். அறுவடைக்குப் பின் இலையைப் பாடம் செய்யும் முறையே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

பச்சை இலையின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீரே. அந்நீர் எவ்வளவு விரைவில், எத்தகைய வெப்பத்தில் வெளியேறுகிறது என்பதில்தான் நுட்பம் அடங்கியுள்ளது. பறித்த இலை உடனே இறந்துவிடுவதில்லை. சில நாள்கள் சுவாசித்துத் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. பச்சையம் சிதைந்து மஞ்சள் நிறம் தோன்றுகிறது. அவசரப்பட்டு உலர்த்தினால் பச்சை நிறம் அப்படியே உறைந்துவிடும். ஈரம் நீங்குமுன் வெப்பத்தை ஏற்றினால் இலை வெந்ததுபோல் கருகிப் பழுக்கும்.

ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் விளையும் வர்ஜீனியா இலையை மூடிய கொட்டகைகளில், இரும்புக் குழாய்களின் வழியே செலுத்தும் சூட்டால் பாடம் செய்கின்றனர். முதலில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் மஞ்சளாக்கி, பின்னர் படிப்படியாக உயர்த்தி, இறுதியில் நடுநரம்பு உலர 70 பாகைக்கு மேல் கொண்டு செல்கின்றனர். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பணி முடிகிறது. உரிய நேரத்தில் இலையின் உயிரியக்கத்தை வெப்பம் நிறுத்திவிடுவதால் சர்க்கரை இலையிலேயே தங்குகிறது. நிழலில் வாரக்கணக்கில் காற்றாட உலர்த்தினாலோ இலை தன் சர்க்கரையைத் தானே உண்டு தீர்த்துவிடும். நிறம் பழுப்பாகும், மணம் வேறாகும்.

தமிழரின் வாய்ப்புகையிலைக்கு வேறு வழிகள் உண்டு. வெயிலில் உலர்த்தி, அம்பாரமாக அடுக்கிப் புழுங்கவைத்து, அவ்வப்போது புரட்டி அடுக்குவது ஒன்று. கருப்பட்டிக் கரைசல் தெளிப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ தென்னை மட்டையையும் உரித்த மட்டைநாரையும் எரித்து, மூடிய குடிலில் புகையூட்டினர். அந்தப் புகைமணத்துக்காகவே திருவிதாங்கூரில் யாழ்ப்பாண இலைக்குத் தனிச் சந்தை இருந்தது.

உழவருக்கு இது வெறும் மணத்தைப் பற்றிய கேள்வியன்று. ஒரு பருவம் முழுவதும் கடன் வாங்கிச் செலவிட்ட பயிரின் விலை, கொட்டகைக்குள் கழியும் சில இரவுகளில் நிச்சயமாகிறது. குண்டூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் தொடங்கிய புகையிலை வாரியம் வர்ஜீனியா இலையை ஏலத்தில் விற்பிக்கிறது. வாய்ப்புகையிலை உழவருக்கு அந்த ஏலம் இல்லை. வியாபாரியின் கண்ணும் மூக்குமே தராசு. விற்ற பின்னும் ஆபத்து தீர்வதில்லை. உலர்ந்த இலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மும்பையின் மழைக்காலத்தில் திறந்து வைத்த கட்டு சில நாள்களிலேயே பூசணம் பூக்கும்.

சந்தை மெச்சும் தரம் ஒன்று. உடல் அறியும் தரம் வேறு. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் பச்சை இலையில் மிகக் குறைவு. பாடம் செய்யும்போதும் ஈரத்தில் சேமிக்கும்போதும் நுண்ணுயிர்களாலேயே அவை பெருமளவு உருவாகின்றன. நேரடியாகப் புகைபட்ட இலையில் அவை மிகுந்திருக்கும். அமெரிக்காவில் எரிவாயுப் புகை இலையைத் தொடாதபடி கொட்டகைகளை மாற்றியமைத்தபோது அவற்றின் அளவு வெகுவாகக் குறைந்தது. குறைந்ததேயன்றி மறையவில்லை. எம்முறையில் பாடம் செய்தாலும் நிகோடினும் நஞ்சும் இலையில் எஞ்சவே செய்கின்றன. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

வெற்றிலையுடன் புகையிலை சேர்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருப்பின், கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமோ இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நன்று. இருந்தால், தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும். புற்றுநோய்க்கென 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனை பரேலிலேயே உள்ளது.